சர்க்கரை போடாத கை

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்குப் பெயர் கை. "கை வந்தாச்சா?" என்பார்கள். "கைக்கு டீ குடுத்தீங்களா?" என்பார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு நடந்துபோவாள்.

வேலை இதுதான். தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. விடுமுறை வந்தால் வீட்டை எப்படி அலங்கரிக்கலாம், பிள்ளைகளுக்கு என்ன தின்பண்டம் செய்து கொடுக்கலாம், எல்லாம் வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்து, எல்லாம் சுலபமாக. அதைச் சொல்லித்தருகிற பெண்ணைத் தளத்தில் சிரிப்பழகி என்பார்கள். கேமரா சிரிப்பழகியின் முகத்தை விட்டு மேசைக்கு இறங்கும்போது, அங்கே வெட்டுவதும் ஒட்டுவதும் மடிப்பதும் பிசைவதும் நம்முடைய கை. சிரிப்பழகிக்குக் கத்தரிக்கோலில் விரலை எங்கே நுழைப்பது என்பதே ஒவ்வொரு முறையும் சந்தேகம். குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிக்க வரும், இவளுக்கு வெட்ட வரும், ஆளுக்கொரு பிழைப்பு.

"எவ்ளோ ஈஸி பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் சிரிப்பழகி கேட்பாள். அந்த ஈஸிக்குப் பின்னால் இவள் முதுகு ஒடிந்திருக்கும். ஒரு காகித நட்சத்திரம் காட்ட வேண்டும் என்றால் ஒன்று செய்தால் போதாது. பாதி மடித்தது, முக்கால் மடித்தது, முழுசாக முடிந்தது, அது கசங்கினால் மாற்றுவதற்கு இன்னொன்று என்று வரிசையாகச் செய்து வைக்க வேண்டும். அப்போதுதான் சிரிப்பழகி பாதியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு முழுசை எடுத்து நீட்ட முடியும். அந்த முழுசும் உண்மையில் முழுசு கிடையாது. கேமராவுக்குத் தெரிகிற பக்கம் மட்டும்தான் அலங்காரம். பின்பக்கம் வெறும் அட்டையும் டேப்பும் குண்டூசியும். பார்க்காத பக்கத்துக்கு மெனக்கெட யாருக்கு நேரம் இருக்கிறது?

தின்பண்டங்களின் கதை இன்னும் மோசம். பார்ப்பதற்குச் செய்கிற பண்டத்துக்கும் தின்பதற்குச் செய்கிற பண்டத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. பிஸ்கட்டில் சர்க்கரை போட்டால் சூட்டில் மாவு பரவி ஓரம் கெட்டுவிடும். நட்சத்திரமாக உள்ளே போனது தேய்ந்த சோப்புத் துண்டாக வெளியே வரும். ஆகவே சர்க்கரை கூடாது. மாவு இறுகி நிற்க ஒரு பிடி உப்பு. ஆறியதும் மினுமினுப்புக்கு மேலே ஒரு கோட்டு, மேசை நாற்காலிக்கு அடிக்கிற வார்னிஷ். கேக்கின் மேல் பொங்கி நிற்பதைப் பார்த்து நீங்கள் நாக்கைச் சப்புக்கொட்டுகிறீர்களே, அது ஷேவிங் க்ரீம். கிண்ணத்தில் பாலாக வழிவது வெள்ளைப் பசை. விளக்கை அணைத்ததும் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குப் போகும், தொட்டி வரைக்கும் சுமந்து போவதும் இவள்தான்.

அவளுக்கு ஒரு மகள் உண்டு. அவளைக் குட்டி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். மகள் இவளோடு இல்லை.

மகளுக்கு மேசை உயரம்கூட இல்லாத வயதில் நடந்தது அது. அப்போதெல்லாம் வீட்டு மேசையிலும் மறுநாள் படப்பிடிப்புக்கான சாமான்கள் கடை பரப்பியிருக்கும். காயாத பெயின்ட், ஒட்டாத ரிப்பன், ஆறாத பிஸ்கட். "தொடாத" என்ற ஒரு சொல்தான் காலையிலிருந்து படுக்கும்வரை அந்த வீட்டில் கேட்கும். குழந்தை எத்தனை நாளைக்குத்தான் தொடாமல் இருக்கும்? பளபளவென்று இருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்துத் தின்றுவிட்டது. வாந்தி எடுத்துத் துவண்ட பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக், மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இந்த வீட்ல எதை நம்பிக் குழந்தை வாயில வைக்கறது?"

கத்திக் கேட்டிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவன் மெதுவாகக் கேட்டான். கொஞ்ச நாளைக்குத் தன் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான், பிறகு அவனும் அங்கேயே தங்கிவிட்டான். கொஞ்ச நாள் வருஷங்களாயிற்று. அந்த அக்கா குழந்தையை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். இவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் ஒரு ராட்சசியாக இருந்திருந்தால் போய்ச் சண்டை போட்டுப் பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்திருக்கலாம். நல்லவளோடு என்ன சண்டை போடுவது?

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது. வீட்டு வாடகையும் சோறும் அந்தக் கையால்தான் வந்தன. அதனால் கையைப் பொத்திப் பொத்திக் காத்தாள். பாத்திரம் தேய்த்தால் தோல் கெடும், காய் நறுக்கினால் கீறல் விழும், சமைத்தால் சூடு படும். வீட்டு அடுப்பு தூசி படிந்து கிடந்தது. பன்னும் டீயுமாகப் பொழுது போயிற்று. மேசைமேல் இருக்கிற எதையும் யாரும் வாயில் வைக்கக்கூடாது, தான் உட்பட, என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குத் தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். மாவு பிசைகிறவர்கள் எல்லாரும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். இவள் பார்ப்பதில்லை.

மகளைப் பார்க்க நாள் குறித்து வெளியே கூட்டிப்போவாள். பூங்கா, கடை, ஏதாவது ஒரு ஓட்டல். ஓட்டல்காரன் செய்ததை மகள் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். பிரியும்போதே பேசி வைத்திருந்தார்கள், பெண்ணுக்குப் பத்து வயது ஆகட்டும், எங்கே இருப்பது என்று அவளே சொல்லட்டும் என்று. இப்போது பத்து ஆகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் போன் செய்தான்.

"இந்த லீவுக்கு உன்கிட்ட வந்து தங்கட்டும். கூட்டிட்டுப் போக நான் வருவேன்ல, அதுக்குள்ள நீயே அவகிட்ட கேட்டு வை. என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

"நானே கேக்கணுமா?"

"நான் கேட்டா எனக்கு வேண்டியதைச் சொல்லுவா. அக்கா கேட்டா அக்காவுக்கு வேண்டியதைச் சொல்லுவா. நீ கேளு."

நியாயமான மனிதன். நியாயமானவர்களோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

விடுமுறை நிகழ்ச்சிகளை எல்லாம் மாதக்கணக்குக்கு முன்னாலேயே எடுத்து முடித்துவிடுவார்கள். ஊரே அலங்காரம் செய்கிற நாட்களில் கைக்கு வேலை இருக்காது. முதல் தடவையாகத் தன் வீட்டை அலங்கரித்தாள். ஜன்னலில் காகித நட்சத்திரங்கள். அலமாரி ஓரமாகப் பழைய துணியைக் கிழித்துக் கோத்த தோரணம். ஊறுகாய் பாட்டில்களில் வண்ணக் காகிதம் ஒட்டி உள்ளே மெழுகுவத்தி. கீழ்வீட்டு டெய்லரக்கா வாங்கிப்போன ஊசியைத் திருப்பிக் கொடுக்க மேலே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, கடை கிடை திறக்கப் போறியா?"

"பொண்ணு வரா அக்கா. தங்கப் போறா."

டெய்லரக்கா உள்ளே வந்து மோடாவில் உட்கார்ந்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். "எல்லாம் கண்ணுக்கு ஜோரா இருக்கு. வயித்துக்கு என்ன வச்சிருக்க?"

"பிஸ்கட் செய்யப் போறேன். நெஜ பிஸ்கட்."

"அதென்ன நெஜ பிஸ்கட்? பொய் பிஸ்கட்னு வேற ஒண்ணு இருக்கா?"

"எங்க வேலையில அது மட்டும்தான் இருக்கு."

டெய்லரக்கா சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "வெண்ணெய், சர்க்கரை, மாவு. மூணே மூணு சாமான். கழுதைக்குக்கூட வரும். நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

பேயறைந்த மாதிரி இருந்ததற்குக் காரணம் உண்டு. இந்த வீட்டில் நம்பி வாயில் வைக்க ஒரு பண்டம், ஒன்றே ஒன்று, மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுத்துவிட்டால் மற்றதைக் கேட்கத் தனக்கு வாய் வரும் என்று அவள் நினைத்திருந்தாள். கடைக்குப் போய் வெண்ணெய் வாங்கினாள், நல்லதாகப் பார்த்துச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று வாங்கினாள், அலமாரியில் வைத்தாள்.

மகள் வருகிற அன்று காலையில் அடுப்பைத் துடைத்துவிட்டு மாவு பிசைய உட்கார்ந்தாள். கை பிசைந்துகொண்டிருந்தது, மனசு கேள்வியைப் பிசைந்துகொண்டிருந்தது. "குட்டி, இங்க இருக்கியா?" என்று கேட்டால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது. "உனக்கு எங்க பிடிச்சிருக்கு?" என்றால் பரீட்சை மாதிரி இருக்கிறது. "அம்மா தனியா இருக்கேன்" என்று ஆரம்பிக்கலாமா? சீ, அது அழுது காரியம் சாதிக்கிற வேலை. இப்படிப் போட்டும் எடுத்தும் பார்த்தபடி, இளகிய வெண்ணெயை மாவில் தேய்த்தாள், வழக்கமாக உப்பு ஜாடி இருக்கிற இடத்துக்குக் கை தானாகப் போயிற்று, ஒரு பிடி அள்ளிப் போட்டது, பிசைந்தது. மாவு இறுக்கமாக, அழகாக, சொன்ன பேச்சைக் கேட்கிற மாவாக வந்தது. நட்சத்திரங்களை வெட்டினாள். ஒரு ஓரம்கூட மழுங்காமல் வெளியே வந்தன. வார்னிஷ் டப்பாவை மட்டும் ஞாபகமாகத் தொடவில்லை. அதற்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். சர்க்கரைப் பொட்டலம் அலமாரியில் வைத்த இடத்தில் பிரிக்காமல் இருந்தது.

மகள் வந்தாள். ஒரு தோள்பை, வாரிப் பின்னிய தலை, துடைத்து வைத்த மாதிரி முகம். செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தாள்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்கேன்டா கண்ணு. உள்ள வா. எல்லாம் உனக்குத்தான்."

மகள் அறையை மெல்லச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் நட்சத்திரத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே அட்டையும் டேப்பும் இருந்தன. இவளுக்கு முகம் சுண்டியது. வீட்டுக்காகச் செய்ததிலும் பின்பக்கத்தை விட்டிருக்கிறோம் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. மகள் திரும்பி வந்து அறையின் நடுவில், கேமரா வைத்தால் எங்கே வைப்பார்களோ அங்கேயே, நின்று பார்த்தாள்.

"இங்கேருந்து பாத்தா ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

பிறகு பாட்டில் விளக்கின் பக்கம் விரலை நீட்டி, "இத தொடலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா தொடு. என்ன கேள்வி இது."

மகள் தொட்டாள். பாட்டில் லேசாக ஆடியது. இவள் வாயிலிருந்து, எத்தனை வருஷத்துப் பழக்கமோ, "தொடா..." என்று பாதி வந்துவிட்டது. மீதியைக் கடித்து விழுங்கினாள். ஆனால் பாதியே போதுமானதாக இருந்தது. மகள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கும்போதும் நிற்கும்போதும் அவள் கைகள் பின்னால்தான் இருந்தன.

மாலையில் தட்டில் பிஸ்கட்டை அடுக்கி, டம்ளரில் பால் ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள். மகள் தட்டையே பார்த்தாள். எடுக்கவில்லை.

"இது... சாப்பிடறதா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை வருஷம் பதில் தேடிக்கொண்டிருந்தாள். "சாப்பிடறதுதான். வார்னிஷ் இல்ல, பசை இல்ல, ஒண்ணுமே இல்ல. அம்மா உனக்குன்னு செஞ்சது. தைரியமா சாப்பிடு."

மகள் ஒரு நட்சத்திரத்தை எடுத்து ஒரு முனையைக் கடித்தாள். மெல்லுகிற வாய் சற்று நின்றது. பாலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அடுத்த முனையைக் கடித்தாள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு வாய் பாலாக முழு நட்சத்திரத்தையும் தின்று முடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"இன்னொண்ணு எடுத்துக்கோ."

மகள் தட்டைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், இன்னொன்று எடுத்துக்கொண்டாள். "நீங்க சாப்பிடலையாம்மா?"

"எனக்கு எதுக்கு? நீ சாப்பிடு, நான் பாக்கறேன்."

பார்த்தாள். நெஞ்சு நிறையப் பார்த்தாள். எழுந்து போய்ச் சமையலறையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து தினமும் மாலையில் பாலும், அன்றைக்கே மொத்தமாகச் சுட்டு வைத்த அந்தப் பிஸ்கட்டும்தான். மகள் தினமும் சாப்பிட்டாள். தினமும் தண்ணீர் நிறையக் குடித்தாள். பிள்ளைக்கு நல்ல பழக்கம், நிறையத் தண்ணீர் குடிக்கிறது என்று இவள் டெய்லரக்காவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

ஒரு பிற்பகல் மகள் தானாகவே ஒன்று சொன்னாள். இருவரும் தரையில் உட்கார்ந்து காகிதம் மடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மடிக்க, மகள் தன் காகிதத்தை மட்டும் தொட்டு மடித்தாள்.

"உங்க நிகழ்ச்சிய அத்தை போடுவாங்க. நான் உங்க கைய பாப்பேன்."

"அப்படியா? என் கைதான்னு எப்படித் தெரியும்?"

"இந்த விரல்ல மச்சம் இருக்கே. ஸ்கூல்ல சொன்னேன், யாரும் நம்பல."

அவ்வளவுதான் சொன்னாள். இவளுக்கு அது ஒரு மாசத்துக்குப் போதும். அன்றைக்கே கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், இந்த நிமிஷம் இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்னொரு நாள் அத்தை போன் செய்தாள். மகள் போனோடு ஜன்னல் பக்கம் போய்க் காலை ஆட்டிக்கொண்டே பேசினாள். அந்தப் பேச்சில் வேறொரு பிள்ளை இருந்தது. இந்த வீட்டுக்குள் வராத பிள்ளை.

"போ அத்தை, நீ செஞ்ச கேக்க நாய்கூடத் தொடாது. நான்தான் துப்பிட்டேனே. அப்பாதான் பாவம், பேசாம தின்னாரு. ஏய், பொய் சொல்லாத, எனக்குத் தெரியும், நீயும் குப்பையில போட்ட." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

சமையலறையில் நின்று கேட்டவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆக, அந்த அக்காவின் கேக் துப்புகிற கேக். என் பிஸ்கட் கேட்டு வாங்கித் தின்கிற பிஸ்கட். மகள் ஒரு நாளும் கேட்டு வாங்கவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இத்தனை வருஷமாகக் குனிந்திருந்த தலை ஒரு விரல்கடை நிமிர்ந்தது. பாவம், அந்தச் சந்தோஷத்தையாவது அவளுக்கு விட்டுவைத்திருக்கலாம்.

அழைத்துப்போக அவன் வருகிற நாள் வந்தது. இன்னும் கேட்கவில்லை. மகள் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும், டப்பாவில் பிஸ்கட்டை அடுக்கிக் கையில் கொடுக்கும்போது கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அடுக்க உட்கார்ந்தாள். கடைசி நட்சத்திரம் விரலுக்குள் இரண்டாக உடைந்தது. தளத்தில் என்றால் உடைந்தது தொட்டிக்குப் போகும். இது மகள் ஆசையாகத் தின்ற பண்டம், தூக்கிப் போட மனசு வரவில்லை. தன் சட்டத்தை மறந்து அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

உப்பு. பல்லுக்கடியில் நறநறவென்று உப்பு. அதற்கு அப்பால் தொண்டை காய்கிற மாதிரி வெறும் மாவு. துளி இனிப்பு இல்லை. ஏதோ இந்த ஒன்றில் மட்டும் தவறிவிட்டது போல என்று இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். அதுவும் அதேதான். எழுந்து அலமாரியைத் திறந்தாள். சர்க்கரைப் பொட்டலம், கடைக்காரன் ஒட்டிய ஒட்டு பிரியாமல், அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முனைக்கு ஒரு வாய் பால். நிறையத் தண்ணீர். ரொம்ப நல்லா இருக்கும்மா. அத்தை வீட்டில் கேக்கைத் துப்பிவிட்டு, துப்பியதைச் சொல்லி வம்புக்கு இழுத்து, விழுந்து சிரிக்கிற பிள்ளை. துப்பினால் அங்கே என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது, அது அவள் வீடு. இங்கே வந்தவள் விருந்தாளி. செருப்பை ஜோடி சேர்த்து வைத்து, எதையும் தொடாமல், கொடுத்ததை மிச்சம் வைக்காமல், போகிறவரைக்கும் யார் மனசும் நோகாமல் பார்த்துக்கொள்கிற விருந்தாளி.

அதற்கு அடுத்தது தானாகவே புரிந்தது. இன்று கேட்டால் மகள் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இங்க இருக்கியா குட்டி?" என்று கேட்டால், மகள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். எச்சிலை விழுங்குவாள். "இருக்கேம்மா" என்பாள். சொன்ன சொல்லை மாற்றாமல் இருந்தும் விடுவாள். தினமும் ஒரு நட்சத்திரமாக இந்த வீட்டைத் தின்று முடிப்பாள், முகம் சுளிக்க மாட்டாள்.

வாசலில் மணி அடித்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலை உடுப்போடு நின்றான்.

"வாங்க, உள்ள வாங்க."

"இல்ல, கீழ வண்டி நிக்குது." அவன் ஜன்னலையும் தோரணத்தையும் பார்த்தான். "நல்லா செஞ்சிருக்க."

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள், பை தோளில், கை பின்னால். மேசைமேல் இருந்த டப்பாவைப் பார்த்து, "அத எடுத்துட்டுப் போகட்டுமாம்மா?" என்றாள். அம்மா தனக்காக அடுக்கியதை விட்டுவிட்டுப் போனால் அம்மா வருத்தப்படுவாள் என்று நினைத்திருப்பாள்.

"வேணாம்டா. அது நமுத்துப்போச்சு."

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

"வேணாம்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கேட்டியா?" என்றான் தாழ்ந்த குரலில்.

மகளுக்கும் அது எந்தக் கேள்வி என்று தெரிந்திருந்தது. அவள் தோள்கள் விறைத்து நின்றன. வந்த அன்றிலிருந்து அந்தக் கேள்விக்குக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒவ்வொரு பிஸ்கட்டையும் அதோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறாள்.

"கேட்டேன்" என்றாள் அம்மா. "அத்தைகிட்டயே இருக்கேன்னு சொல்லிட்டா."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கேட்கவே இல்லையே என்று சொல்லவில்லை.

"அப்படியா குட்டி?" என்றான் அவன்.

"ஆமாப்பா."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. யார் முகத்தையும் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் இல்லை அது. அந்த வீட்டில் மகள் யோசிக்காமல் சொன்ன முதல் வார்த்தை. பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து முன்னால் வந்தன, ஒன்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. இன்னொன்றை நீட்டி, அம்மாவின் விரலில் இருந்த மச்சத்தை, கேட்காமல், ஒரு தடவை தொட்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ம்மா. வரேன்."

"போயிட்டு வாடா."

படி இறங்குகிற சத்தம் கேட்டது. பாதிப் படியிலேயே மகளின் குரல் மாறி, அப்பாவிடம் எதற்கோ அடம் பிடிப்பது கேட்டது. டெய்லரக்காவின் தையல் மெஷின் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி ஓடியது. வண்டி கிளம்பியது.

அவள் மேசைக்கு வந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் எப்படிச் சாப்பிட்டாளோ அப்படியே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு நட்சத்திரத்தை எடுத்து, ஒரு முனைக்கு ஒரு வாய் பாலாக, தின்று முடித்தாள். இரண்டாவதை எடுத்துக் கடித்தாள். அவளால் அதை விழுங்க முடியவில்லை.